அறிவியல் போட்டி எங்கே சிக்குகிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பள்ளியில் அறிவியல் போட்டி நடத்துகிறவர்களும், பருவத்தையொட்டி வகுப்பில் செயல்பாடு வைக்கிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறோம். அதனால் இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் உடனே சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வரும். நாளும் ஆளும் பிடிக்கிற காரணம் கடைசியில் வரும். முதல் காரணத்தைப் பார்க்காமல் கடைசிக்குத் தாவ வேண்டாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒரு சோதனையை முதலில் செய்துவிடுங்கள். போட்டிக்கான கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள். இதில் மாணவர் தானாக முடிவெடுக்க வேண்டிய இடம் எது, அந்த முடிவு சரியா என்று அவரே அளந்து பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் கீழே உள்ளவற்றில் நாலைந்து கோளாறுகள் சேர்ந்தே வரும். அப்போது மாற்ற வேண்டியது கேள்வியைத்தான். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

## அறிவிப்பு வந்து நாளாகியும் யாரும் பெயர் கொடுக்கவில்லை

அறிவிப்பை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "அறிவியல் படைப்புகள் வரவேற்கப்படுகின்றன" என்று இருந்தால் எங்கே தொடங்குவது என்று ஒரு மாணவருக்கும் தெரியாது. அதையே இப்படி மாற்றுங்கள்: "ஒரே ஒரு ஏ4 தாள். 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு புத்தக அடுக்குகள். அந்தத் தாளால் பாலம் கட்டினால் எத்தனை நாணயங்களைத் தாங்கும்?" படித்து முடிப்பதற்குள் யாராவது ஒருவர் தாளை மடிக்க ஆரம்பித்திருப்பார். பெரும்பாலான இடங்களில் கோளாறு இங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? நாளைப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய வாரமும், பள்ளி முடிந்த பிறகான நேரமும் பலரை வடிகட்டிவிடும். வீட்டுக்குத் தொலைவு போகிறவர்களும், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறவர்களும் ஆர்வம் இருந்தாலும் நிற்க முடியாது. வகுப்பு நேரத்துக்குள்ளேயே முதல் சுற்றை முடித்துவிடுங்கள்.

அடுத்து பொருள்கள். பெயர் கொடுத்தவர்கள் பொருள்பட்டியல் கைக்கு வந்ததும் விலகினால் காரணம் இதுதான். எல்லோருக்கும் ஒரே பொருள்கள் அடங்கிய ஓர் உறையைப் பள்ளியே கொடுக்கட்டும். வெளியிலிருந்து எதுவும் சேர்க்கக் கூடாது என்று விதி வையுங்கள். இந்த ஒரு விதி வேறு சில கோளாறுகளையும் தடுக்கும், கீழே பார்ப்பீர்கள்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் வகுப்பில் ஊறியிருக்கிறது. நீங்கள் கேள்வி கேட்ட பிறகு எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள் என்று வேறொருவரை எண்ணச் சொல்லுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து கேட்டபோது, ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். கேட்பதற்கு எளிது. ஆனால் பழக்கமாக மாற மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

வெளியாள் தேவைப்படும் இடம்: ஒரு குறிப்பிட்ட மாணவர் மட்டும், முன்பு எல்லாவற்றிலும் கலந்துகொண்டவர், திடீரென்று எதற்குமே வருவதில்லை என்றால் அது போட்டியின் பிரச்சினை இல்லை. பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

## வந்ததெல்லாம் எரிமலையும் சூரியக் குடும்பமும்

போன வருடம் பார்த்ததே மறுபடியும் வருகிறது. மாதிரி செய்யச் சொன்னால் மாதிரிதான் வரும். அறிவிப்பில் "மாதிரி", "மாடல்", "சார்ட்" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு, "கண்டுபிடி", "அள", "ஒப்பிடு" என்று மாற்றுங்கள்.

எரிமலையை விரட்ட வேண்டாம். அதற்குள் நல்ல போட்டி ஒன்று ஒளிந்திருக்கிறது. 5 சதவீத வினிகர் 100 மி.லி. எல்லோருக்கும் கொடுங்கள். சமையல் சோடாவை ஒரு பலூனுக்குள் போட்டு, பலூனின் வாயை பிளாஸ்டிக் பாட்டிலின் வாயில் மாட்டி, சோடாவைக் கொட்டச் சொல்லுங்கள். எத்தனை கிராம் சோடா போட்டால் பலூன் மிகப் பெரிதாக ஊதும்? பிள்ளைகள் கூட்டிக்கொண்டே போவார்கள். ஏறத்தாழ 7 கிராமுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் பலூன் பெரிதாகாது. அதற்குள் வினிகரில் உள்ள அமிலம் தீர்ந்துவிடும். கணக்குப்படி வெளிவரும் வாயு 2 லிட்டர் அளவுக்கு இருக்கும். கொஞ்சம் தண்ணீரிலேயே கரைந்தும் நிற்கும். பலூனின் சுற்றளவை நூலால் அளந்து வரைபடம் போட்டால், ஏறிவந்த கோடு ஓரிடத்தில் மட்டமாவது தெரியும். அந்த வளைவைப் பார்த்து "ஏன் நின்றுபோச்சு?" என்று கேட்கும் மாணவரைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். பாட்டிலை மூடியால் இறுக்கி மூடவே கூடாது. கண்ணாடி பாட்டிலும் வேண்டாம்.

சூரியக் குடும்பத்துக்கும் வழி உண்டு. பந்துகளைத் தொங்கவிடுவதை விட்டுவிட்டு அளவுவிகிதத்தைக் கேளுங்கள். பூமியை 1 செ.மீ. உருண்டையாக வைத்தால் சூரியன் ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான பந்து. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 118 மீட்டர் தூரம். பள்ளி மைதானம் போதுமா என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அப்படியும் பழையதே வந்தால் முன்மாதிரிகள் தட்டுப்பாடு. அவர்கள் வேறு எதையும் பார்த்ததில்லை. போட்டிக்கு முன் இரண்டு வாரம், வாரம் ஒரு பீரியட், விடை தெரியாத சின்னக் கேள்விகளை வகுப்பில் சோதித்துப் பாருங்கள். ஊசல் நல்ல தொடக்கம். கனமான குண்டு வேகமாக ஆடும் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். நூலின் நீளம்தான் நேரத்தை மாற்றும்: 25 செ.மீ. நூலுக்கு ஒரு முழு ஆட்டம் ஏறத்தாழ 1 நொடி, ஒரு மீட்டருக்கு 2 நொடி.

## பிள்ளை கொண்டுவந்த வேலை பெரியவர் கை வேலையாகத் தெரிகிறது

குழந்தையைக் குற்றவாளியாக்காமல் விசாரியுங்கள். "இதில் முதலில் எது சரியாக வரவில்லை?" என்று கேளுங்கள். தானே செய்தவர் நிறுத்தாமல் பேசுவார். பிறர் செய்ததைத் தூக்கிவந்தவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது.

இதற்கான எளிய தீர்வு இடத்தை மாற்றுவதுதான். பள்ளியிலேயே, கொடுத்த உறையிலுள்ள பொருள்களால், 40 நிமிடத்தில் செய்யட்டும். வீட்டில் செய்தே ஆக வேண்டிய நீண்ட சோதனை என்றால் குறிப்பேட்டுக்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள்: தேதி, என்ன மாற்றினேன், என்ன ஆச்சு. கிறுக்கல் கையெழுத்துக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். நேர்த்தியைக் கேட்டால் பெரியவர் கை உள்ளே வந்துவிடும்.

பெற்றோர் இதை ஏன் செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தன் பிள்ளை மட்டும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்ற கவலைதான் பெரும்பாலும். அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள்: கேள்வி கேட்கலாம், நேரம் குறிக்கலாம், வெட்டும்போது பக்கத்தில் இருக்கலாம். "கை வைக்காதீர்கள்" என்ற சுற்றறிக்கை எதையும் மாற்றாது.

## குழுவில் ஒருவர் செய்கிறார், மூன்று பேர் வேடிக்கை பார்க்கிறார்கள்

ஆளைக் குறையுங்கள். இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று பேர். நாலாவது ஆளுக்கு உண்மையில் வேலை இருக்காது.

குறைத்தும் அப்படியே என்றால் ஒவ்வொரு முயற்சிக்கும் வேலையைச் சுற்றிவிடுங்கள்: விடுகிறவர், நேரம் பார்க்கிறவர், எழுதுகிறவர். அப்புறம், விளக்கப்போவது யார் என்பதைக் கடைசி நிமிடத்தில் சீட்டுக் குலுக்கி எடுங்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

பார்வை, செவி, கை அசைவு சார்ந்த சிரமம் உள்ள மாணவர் ஒதுங்கி நின்றால் நீங்களே ஊகித்து வேலை ஒதுக்காதீர்கள். முதலில் அவரையே கேளுங்கள். பிறகு சிறப்புக் கல்வி ஆசிரியரை அழைத்துக் கருவிகளை எப்படி மாற்றலாம் என்று பேசுங்கள்.

## பருவச் செயல்பாடு வெறும் ஒட்டு வேலையாகிவிட்டது

மழைக்காலம் என்றால் குடை வரைந்து வண்ணம் தீட்டுவது, இலையுதிர்காலம் என்றால் காகித இலை ஒட்டுவது. சுவர் அழகாகிவிடும், கேள்வி ஒன்றும் வராது. மறுநாள் ஒருவரிடம் "நேற்று என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள். "வரைந்தோம்" என்று பதில் வந்தால் கோளாறு உறுதி.

எளிய காரணம்: அளப்பதற்கு எதுவும் இல்லை. அந்தப் பருவத்தின் ஓர் எண்ணை உள்ளே கொண்டுவாருங்கள். வரைவதை நிறுத்த வேண்டாம், அளந்ததை வரையட்டும்.

மழை என்றால், நேரான பக்கங்கள் கொண்ட பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்தால் மழைமானி தயார். அடிப்பகுதி வளைந்திருந்தால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி வரை தண்ணீர் நிரப்பி, அங்கே பூஜ்யம் குறியுங்கள். 1 மி.மீ. மழை ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர். பள்ளிக் கூரை 200 சதுர மீட்டர் என்றால் 15 மி.மீ. மழையில் 3,000 லிட்டர் அதன் மேல் விழுந்திருக்கிறது. இந்தத் தண்ணீர் எங்கே போச்சு என்று தேடிக்கொண்டு வகுப்பே வெளியே ஓடும்.

வெயில் என்றால் பனிக்கட்டியைக் காப்பாற்றும் போட்டி. ஒரே அளவுக் கட்டி, ஆளுக்கொரு உறை. கம்பளித் துணியில் சுற்றினால் சூடாகி உருகிவிடும் என்று நினைக்கிறவர்களை முதலில் கைதூக்கச் சொல்லுங்கள். கம்பளி சூட்டைத் தருவதில்லை, வெளிச் சூடு உள்ளே போவதைத் தாமதப்படுத்துகிறது என்பது அரை மணி நேரத்தில் கண்ணெதிரே தெரிந்துவிடும்.

இலை பழுக்கும் காலம் என்றால், பச்சையம் சிதைந்த பிறகு இலைக்குள் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளிப்படுகிறது என்பதை வடிகட்டும் தாளில் பிரித்துக் காட்டலாம். வறண்ட குளிர் என்றால் சீப்பும் பலூனும் காகிதத் துண்டுகளை இழுக்கும் போட்டிக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

அடுத்த காரணம்: பாடப்புத்தகத்தின் மாதமும் வெளியே உள்ள வானமும் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் என்றால் பூமியின் ஒரு பாதியில் குளிர்காலம், மறு பாதியில் கோடை. நாட்காட்டியை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்து அன்றைய செயல்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். மழைக்கும் வெயிலுக்கும் ஒவ்வொன்று தயாராக இருக்கட்டும்.

நாள் பிடிக்கும் காரணம்: ஒரே நாளில் முடித்துவிடுகிறோம். பருவம் என்பதே மாற்றம். ஒரு நாளில் அதைப் பார்க்க முடியாது. வருடம் முழுக்க ஓடக்கூடிய ஒரே ஒரு பதிவைத் தொடங்குங்கள். நான் சிபாரிசு செய்வது நிழல் குச்சி. மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, வாரம் ஒருமுறை நடுப்பகல் வாக்கில் 15 நிமிடத்துக்கு ஒருதரம் நிழலின் நுனியில் கல் வையுங்கள். மிகக் குறுகிய நிழல் விழும் கணம்தான் அந்த இடத்தின் உண்மையான நண்பகல். கடிகாரத்தின் 12 மணியோடு அது ஒத்துப்போகாததே முதல் வியப்பு. நண்பகல் நிழல் வாரத்துக்கு வாரம் நீளும், குறையும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் வரும் சம இரவு நாளில் கற்கள் ஏறத்தாழ நேர்கோட்டில் அமையும். மற்ற நாட்களில் வளையும். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே உள்ள பள்ளி என்றால் வருடத்தில் இரண்டு நாள் குச்சிக்கு நண்பகலில் நிழலே இருக்காது. அந்த நாள் எது என்று முன்கூட்டிக் கணிப்பதையே போட்டியாக வைக்கலாம்.

வெளியாள் தேவைப்படும் இடம்: இலை, காய், காளான் சேகரிக்கும்போது பெயர் தெரியாத எதையும் தொடவோ சுவைக்கவோ விடாதீர்கள். தாவரவியல் தெரிந்தவரை அழைத்து முதலில் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சூரியனை நேராகவோ லென்ஸ் வழியாகவோ பார்க்கும் எந்த வேலையும் தகுந்த வடிகட்டியும் அதைக் கையாளத் தெரிந்தவரும் இல்லாமல் நடக்கக் கூடாது.

## ஒத்திகையில் வந்தது, போட்டி நாளில் வரவில்லை

இங்கே காரணம் சோதனைக்குச் சோதனை மாறும். எது படுத்துகிறதோ அதைப் பாருங்கள்.

### நிலைமின்சாரம் வேலை செய்யவில்லை
ஈரப்பதம். மழை நாளில் மின்னூட்டம் தங்காமல் ஓடிவிடும். பலூனையும் துணியையும் தலைமுடி உலர்த்தியால் உலர்த்திப் பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் வறண்ட நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.

### விதை முளைக்கவில்லை
பஞ்சைப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் விதைக்குக் காற்று கிடைக்கவில்லை, அழுகும். அது சரியாக இருந்தால் குளிரைப் பாருங்கள்: வெதுவெதுப்பான நாட்களில் ஒன்றிரண்டு நாளில் முளைக்கும் பயறு, குளிரில் பல நாள் எடுக்கும். கடைசியாக விதை பழையதா என்று பாருங்கள். பத்து விதையை ஈரத்துணியில் கட்டிவைத்தால் தெரிந்துவிடும். முளைக்காத தொட்டியைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். ஏன் முளைக்கவில்லை என்று காட்டும் மாணவரும் போட்டியில் இருக்கிறார்.

### படிகம் வளரவில்லை
உப்புக் கரைசலைச் சூடாக்கி ஆறவைத்தீர்களா? உப்பு வெந்நீரில் கொஞ்சம்தான் கூடுதலாகக் கரையும். அதனால் ஆறும்போது வெளியே வருவதும் கொஞ்சம்தான். தண்ணீர் ஆவியாகும் வரை நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். படிகாரம் சூட்டில் பல மடங்கு கரையும், ஆறினாலே படிகம் இறங்கும். போட்டிக்கு அதுதான் பொருத்தம். பாத்திரத்தை ஆட்டாமல், மெல்ல ஆறவிட்டால் படிகம் பெரிதாகும்.

### மை பிரியவில்லை
வடிகட்டும் தாளில் மையின் நிறங்களைப் பிரிக்கும் சோதனைக்கு அழியாத மார்க்கர் கொடுத்திருப்பீர்கள். தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவுக்கு மாறுங்கள். இலையின் நிறத்தையும் தண்ணீர் பிரிக்காது, ஆல்கஹால் வேண்டும். அது தீப்பற்றும் என்பதால் பக்கத்தில் அடுப்போ மெழுகுவத்தியோ இருக்கக் கூடாது, ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், ஊற்றுவது ஆசிரியர் மட்டுமே.

### நிறுத்திவிட்டு ஆளை அழைக்க வேண்டியவை
வீட்டு மின்சாரத்தில் ஓடும் எதுவும், அடர் அமிலம், அழுத்தம் ஏற்றும் தண்ணீர் ராக்கெட்: ஆய்வகப் பொறுப்பாளரோ மின்பணியாளரோ பார்க்காமல் மேசைக்கு வரக் கூடாது. கழிப்பறை சுத்தம் செய்யும் பிளீச்சோடு அமிலத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு வரும். மூக்கை எரிக்கும் நெடி வந்தால் அறையைக் காலி செய்துவிட்டுத்தான் மற்றது. பாதரச வெப்பமானி உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பிள்ளைகளை வெளியேற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டு, கையாளத் தெரிந்தவரை அழையுங்கள்.

## முடிவு அறிவித்ததும் அழுகை, சண்டை

விதியை முன்னாலேயே எழுதி ஒட்டினீர்களா என்பதுதான் முதல் கேள்வி. முடிவுக்குப் பிறகு சொல்லப்படும் விதி எவ்வளவு நியாயமாக இருந்தாலும் ஏமாற்றாகத்தான் தெரியும்.

விதி சரி என்றால் அளவைப் பாருங்கள். காகித ஹெலிகாப்டரை 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் ஓரிரு நொடியில் தரைக்கு வந்துவிடும். நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதமே ஏறத்தாழ 0.2 நொடி. முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் 0.1 நொடிதான் வித்தியாசம் என்றால், அந்தப் பரிசை யார் வென்றார் என்று உங்களுக்கே தெரியாது. மாடியிலிருந்து விடுங்கள், ஒவ்வொருவரும் ஐந்து முறை, மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிச் சராசரி எடுங்கள். அப்படியும் நெருக்கமாக இருந்தால் இருவருக்கும் பரிசு. இதை மாணவர்களையே கணக்குப் போடச் சொன்னால், சண்டைக்கு வந்தவரே அளவீட்டுப் பிழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

எண்ணால் அளக்க முடியாத போட்டி என்றால் இரண்டு நடுவர்கள் தனித்தனியே மதிப்பெண் போடட்டும். முதலில் பார்த்த மூன்று படைப்புகளைக் கடைசியில் இன்னொருமுறை பார்க்கட்டும். ஆரம்பத்தில் கை இறுகியிருக்கும். ஒரு நடுவருக்குப் போட்டியாளர் சொந்தக்காரர் என்றால் வெளிப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைப்பதுதான் வழி. இதில் சமரசம் வேண்டாம்.

## பரிசு கொடுத்த மறுநாளே ஆர்வம் அணைந்துவிட்டது

பரிசைப் பற்றி எத்தனைமுறை பேசினீர்கள் என்று பாருங்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், வரைவதில் ஏற்கெனவே விருப்பம் உள்ள சின்னக் குழந்தைகளில் சிலருக்கு "வரைந்தால் சான்றிதழ் உண்டு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு, விருப்பம்போல் விளையாடலாம் என்று விட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே பரிசை அறிவிப்பின் தலைப்பில் போடாதீர்கள். கொடுக்கும்போது எதிர்பாராத ஒன்றுக்கும் கொடுங்கள்: நல்ல தோல்விக் குறிப்பு, எல்லோரையும் யோசிக்க வைத்த கேள்வி.

அது காரணம் இல்லையென்றால், போட்டிக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போக இடம் இல்லை. பாலம் இடிந்தவருக்கு மறுநாளே இரண்டாவது தாள் கிடைக்க வேண்டும். வகுப்பின் ஒரு மூலையில் ஒரு மேசை, மீதமான பொருள்கள், ஒரு பொதுக் குறிப்பேடு போதும். வெற்றி பெற்ற எண்ணைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள்; யாராவது அதைத் தாண்டினால் அழித்துப் புது எண்ணை எழுதட்டும்.

மேசையும் இருக்கிறது, யாரும் தொடவில்லை என்றால்தான் கூடுதல் முயற்சி தேவை. அறிவியலை வேலையாகச் செய்கிற ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள்: வானிலை பதிவு செய்கிறவர், பாலம் கட்டும் பொறியாளர், பறவை கணக்கெடுப்பவர். சொற்பொழிவு வேண்டாம். மாணவர்களின் குறிப்பேட்டைக் கையில் கொடுத்து, "இவர்கள் அடுத்து எதை மாற்றிப் பார்க்கலாம்?" என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதில் ஒன்றை அந்த வாரமே மேசைக்குக் கொண்டுவாருங்கள்.